பொருள்கோடல்

சிங்களத்தில் பதினொரு பக்கம்.
தமிழ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் நிலந்தி மிஸ்.
பக்கத்துக்கு இவ்வளவென்று எனக்குக் கூலி,
அட்டவணைக்குப் பாதி.

கரையோரக் குடியிருப்புகளை அண்டிய நீர்ப்பரப்பில்
கலங்கள் தரித்து நிற்றலை ஒழுங்குபடுத்தும் துணைவிதி.
கலங்கள் என்று எழுதியதும்
முகத்துவாரத்து வள்ளங்கள் எல்லாம் சிரித்திருக்கும்.
அவற்றை யாரும் இதுவரை
அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் பிரிவு:
கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் எக்கலமும்
எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல்
நங்கூரமிட்டு நிற்றலாகாது.
கோயில் பாட்டு மாதிரி வந்துவிட்டது.
நிற்கக் கூடாது என்று மாற்றினேன்.

பின்னிணைப்பில் முறைப்பாடுகள்.
பத்தொன்பதாம் மாடி திருமதி ஹிரானிக்கு
விடியற்காலை மோட்டர்ச் சத்தம்,
டீசல் மணம், மகனுக்கு இழுப்பு.
பன்னிரண்டாம் மாடிக்காரருக்கு
பாதி அமிழ்ந்த இரண்டு வள்ளமும்
அவற்றில் முட்டையிடும் நுளம்பும்.
பொய்யென்று சொல்ல மாட்டேன்.
போன கிழமை நானே பார்த்தேன்,
கழிவெண்ணெய் தண்ணீரில் விரித்த வானவில்லை.
ஏழாம் மாடி மட்டும் ஒரே வரி:
வாங்கும்போது காட்டிய படத்தில் இவை இல்லை.

பொருள்கோடல் பிரிவில்
கலத்துக்கு விளக்கம் உண்டு, கரைக்கு உண்டு,
அதிகாரம் பெற்ற அலுவலருக்கு அரைப் பக்கம் உண்டு.
நங்கூரத்துக்கு இல்லை.

வியாழன் பின்னேரம் மட்டக்குளி பஸ் ஏறிப் போனேன்.
"நங்கூரமா? எங்ககிட்ட ஏது?"
பெர்னபே இழுத்துக் காட்டினார்:
பெயின்ற் வாளி, உள்ளே சீமெந்து,
நடுவில் வளைத்துச் செருகிய கம்பி.
"இத கல்லுன்னுதான் சொல்றது."
பக்கத்து வள்ளத்துக்கு ஒரு பழைய லொறிச் சில்லு.
அதற்கும் பெயர் கல்லுதான்.

"எழுபத்திரண்டை எப்பலேருந்து எண்ணுவாங்க?"
எழுதியிருக்கவில்லை.
"கச்சான் காத்துல பத்து நாள் கடலுக்கு விடாதே, அப்ப?"
ஏழாம் பிரிவு, எழுத்துமூல அனுமதி என்றேன்.
"யார்கிட்ட?"
கந்தோர் நேரத்தில் என்றேன்,
கேட்டது அதுவல்ல என்று தெரிந்தும்.
அவர் கயிற்றைத் தளர்த்தினார்.
"பாருங்க, இது எங்க நிக்குது?
காத்துக்குச் சுத்திக்கிட்டே கிடக்குது."

இரவு அந்த வினையை விட்டு நகர முடியவில்லை.
எங்கள் பக்கத்தில் நிற்பது என்றால் தங்குவதும்தான்.
வெள்ளவத்தை லொட்ஜில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது.
வந்த காரணம், நிற்கும் நாட்கள், கையொப்பம்.
பொலிசார் டோர்ச் அடித்து வாசிப்பார்கள்.
எத்தனை நாள் என்று எனக்கே தெரியாத ஒரு மாதம்
மூன்று என்று எழுதினேன்.
மூன்று முடிய மறுபடி மூன்று.
மணித்தியாலமாக மாற்றினால்
எழுபத்திரண்டு வருகிறது என்பதை
நேற்றுத்தான் கவனித்தேன்.

மிதப்பைத் தடுத்து வைக்கும் எப்பொருளும் என்று
ஒரு வரி கூட்டினால் வாளி மாட்டும்.
கூட்டாவிட்டால் தப்பும்.
மொழிபெயர்ப்பாளர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
இந்த ஒரு முறை
விதி என் சோம்பலுக்குத் துணை நின்றது.

கடைசிப் பிரிவு எனக்கு மனப்பாடம்,
எல்லாச் சட்டத்துக்கும் அதே வால்:
உரைகளிடையே முரண்பாடு ஏற்படின்
சிங்கள உரையே மேலோங்கி நிற்கும்.
எத்தனை மணித்தியாலம் என்று போடவில்லை.

வெள்ளி நான்கு மணிக்குக் கொடுத்தேன்.
பத்தே முக்கால் பக்கம் என்று கணக்கு முடித்தார்கள்.

ஞாயிறு பூசை விட்டு வந்த பெர்னபே
வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீருக்குள் இறங்கி
வாளியைத் தூக்கினார்,
ஒரு பாகம் தள்ளிப் போட்டார்,
நெஞ்சைத் தடவிக்கொண்டார்.
இன்னும் வர்த்தமானியில் வரவில்லையே என்றேன்.
"தெரியும்," என்றார்,
"பழகிப் பாக்குறேன்."