அரை நூல்

கிரீச்சென்று கத்திக்கொண்டே
புளியரை எஸ் வளைவு இறங்கி வந்தது
கொல்லத்துக் கார்.
பெல்ட்டு போச்சு என்றார் ஷிபுலால்.
போனதா என்று பெல்ட்டு சொல்லட்டும்.

ஓடும் வரிப்பல் மேல்
ஒரு கை தண்ணீர் விட்டேன்.
சத்தம் கூடினால் தொய்வு,
அடங்கினால் கோணல்.
அடங்கியது.
பீடியை எடுப்பதற்குள் மறுபடி கிரீச்.

நடுவில் வெடிப்பில்லை,
ஓரம் மட்டும் பிசிறு.
கழற்றிப் பார்த்தால்
ஆல்டர்னேட்டர் புல்லி
அரை நூல் முன்னால் நிற்கிறது.
எந்தக் கை போட்டதோ
உள்ளே ஒரு வாஷர் கூடுதல்.

அதை உருவி, புதுசு மாட்டிக் கிளப்பினேன்.
பானட்டில் சாரல் விழுவது கேட்டது.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது.
புனலூரிலிருந்து
இது ஒன்றுதான் பேசிக்கொண்டு வந்தது
என்றார் அவர் மனைவி,
மலையாளத்தில், என்னிடம்.

ஷிபுலால்
எண்ணிய பணத்தையே
திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.