ஆடித் தள்ளுபடிக்கு முந்தின இரவு

செக்காலை ரோட்டுக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பொம்மையின் கையைத் திருகுகிறேன்.
கை கழன்றால்தான் சட்டை வரும்.

பஃப் கை போய்விட்டதாம்.
இனிமேல் மணிக்கட்டையும் தாண்டித் தொங்கணுமாம்.
சூரத் பார்சலோடு வந்த சேதி.
ராத்திரி ஒன்பதுக்கும்
வெளியே தார் சுடுகிறது.

சித்திரையில்
ஒன்றுதான் மிச்சமென்று சொல்லிச் சொல்லி
நான் இருபது விற்ற மாம்பழ மஞ்சளை
மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் மெய்யம்மை ஆச்சி.
எடுத்துக்கொண்டால் பாதி விலை,
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

எடுத்துக்கொண்டேன்.

காலையில் சாக்கோட்டை பஸ்ஸில்
அடைக்கலமேரி துணியைத் தடவிப் பார்ப்பாள்:
"இதுதான் இப்ப ஓடுதாடீ?"
ஆமாம் என்பேன்.
பொய்யில்லை.
எங்கள் பஸ்ஸுக்கு
இன்னும் வந்து சேராத மஞ்சள்தானே.

பொம்மையின் இடது கை
கல்லாமேல் கிடக்கிறது,
வளையலோடு.