டிசம்பர் முப்பத்தொன்று நிலவரப்படி

பேர்ண் மாநில வரித் திணைக்களத்தின் உறை
சாம்பல் நிறம். உள்ளே ஆறு தாள்.
பீல் நகர அலுவலகத்தில் முன்பே கேட்டிருந்தார்கள்:
படிவம் ஜெர்மனிலா, பிரெஞ்சிலா?
மூன்றாவது ஒன்றில் யோசித்துவிட்டு
ஜெர்மன் என்றேன்.

என் வேலை எங்கேயும் போகவில்லை.
அதே காப்புறுதிக் கொம்பனி, அதே மடிக்கணினி,
எட்டே காலுக்கு அதே கூட்டம்.
சூக்கில், கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
என் கதிரை இப்போதும் சும்மா சுழன்றபடி இருக்கும்.
திருமதி இட்டென் மட்டும் ஒருநாள் திரையில் சொன்னார்:
"உங்களுக்குப் பின்னால் சுவர் மாறியிருக்கிறது."
ஓம், மாறியிருக்கிறது.
இந்தமுறை இடம்பெயர்வு என்பது
அவ்வளவுதான்.

தவரூபன் அண்ணை வரிப் படிவம் நிரப்பித் தருகிறவர்.
ஆளுக்கு அறுபது பிராங்க், கையில் காசு, ரசீது கிடையாது.
கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே
ஒரு மடக்கு மேசை.
தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"பதின்மூண்டாந் தேதியோ மாறினனீங்கள்? டிசம்பரிலயோ?
பிள்ளை, சட்டம் ஒண்டைத்தான் பாக்கும்.
வருசத்தின்ர கடைசி நாள் எங்க இருந்தனீங்கள்?
முழு வருசத்தையும் அந்த ஊருக்குத்தான் எழுதும்.
ஒரு மூண்டு கிழமை பொறுத்திருக்கலாம்."

ஒருநாளும் பீலுக்கு வந்திராத என் ஏப்ரல்
பீலில் வரி கட்டுகிறது.

அடுத்த பெட்டி குடும்ப நிலை.
அதற்கும் அதே தேதி.
பிரிந்து வாழ்பவர் என்று குறியிட்டார் அண்ணை.
அப்படியென்றால் முழு வருசமும் தனியாள்.
பெப்ரவரியில் சிவநேயனுக்குக் காய்ச்சல் வந்து
மூன்று இரவு நான் நெற்றித் துணி மாற்றியது
தனியாள் கணக்கு.
ஜூனில் இருவரும் தூக்கிவந்த நீலச் சோபா,
அதன் ஆளுக்கொரு மூலையில்
பேச்சில்லாமல் கழிந்த ஓகஸ்ட்,
எல்லாம் தனியாள் கணக்கு.
ஓகஸ்டைப் பொறுத்தவரை
சட்டம் பொய் சொல்லவில்லை.
பெப்ரவரிக்கு அது பொருந்தாது.
அப்படி எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம்
ஆறாயிரத்து நானூற்று அறுபது.
பொறுத்திருக்க வேண்டிய இரவுகள்
பத்தொன்பது.
இரவுக்கு முந்நூற்று நாற்பது.
மீதி இல்லாமல் பிரிந்தது.

முந்நூற்று நாற்பது பிராங்குக்கு
ஏரி பார்த்த அறை கிடைக்கும், காலைச் சாப்பாட்டோடு.
எனக்குக் கிடைத்தது
திரைச்சீலை இல்லாத ஒன்று. தரையில் மெத்தை.
இணைய இணைப்பு வர ஐந்து நாள்,
அதுவரை கைபேசியைப் பால்மாப் பெட்டிமேல் சாய்த்துக் கூட்டம்.
முதல் இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தேன்.
சாவி திரும்பும் சத்தத்துக்காக
காது விழித்திருக்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று அன்று
பாணும் மீன் டின்னும்.
வாணவேடிக்கையில் பாதியை
எதிர்க் கட்டடம் மறைத்துக்கொண்டது.
பன்னிரண்டு மாதத்திலும் தேடி
சட்டம் வந்து பார்த்தது அந்த ஒரு இரவைத்தான்.

"வேலைக்கெண்டு தனி அறை இருக்கோ? இருந்தாக் கழிக்கலாம்."
இல்லை.
கூட்டம் நடக்கிற மேசையில்தான் சோறும்.

அண்ணை உறையை எடுத்துப் புரட்டினார்.
என் வகுத்தலை மேலிருந்து கீழே
ஒருதரம் சரிபார்த்தார்.
பத்தொன்பதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்,
ஏதோ கேட்கப்போவது போல.
கேட்கவில்லை.

அறுபதை நீட்டினேன்.
பத்தைத் திருப்பித் தந்தார்.