லிப்ட்டில் சிக்னல் கிடைக்காது

சால்மியாவில் ஒரு டாக்டர் இருக்கிறார்.
முக்கால் மணி நேரத்துக்கு முப்பத்தைந்து தினார்.
என் சம்பளம் நூற்று முப்பது.
அதைக் கொடுத்து, தெரிந்த இங்கிலீஷில்
என்ன சொல்வேன்?
நோ ஸ்லீப். செஸ்ட் ஹெவி. லிப்ட் டெக்னீஷியன்.
மிச்சமெல்லாம்
தமிழில்தான் வலிக்கிறது.

போர்வைக்குள் போனை வைத்துத் தேடினேன்.
அறையில் எட்டுப் பேர், வெளிச்சம் கசியக் கூடாது.
ஓர் ஆப், மனநிலைக்குப் பத்துக்கு
எத்தனை மார்க் என்று கேட்டது.
நான்கு போட்டேன்.
நன்றி என்றது. அவ்வளவுதான்.
சென்னையில் ஒருவர் இரண்டாயிரத்து ஐநூறு.
கோவையில் ஆயிரத்து இருநூறு,
ஐந்து வாரம் சேர்த்துக் கட்டினால் ஒரு வாரம் இலவசம்,
பரோட்டாக் கடைக் கூப்பன் மாதிரி.

பாளையங்கோட்டை ஜெபசெல்வி மட்டும்
திருப்பிக் கேட்டார்:
உங்களால எவ்வளவு முடியும்?
ஐநூறு என்று அடித்தேன். அழித்தேன்.
முந்நூறு.
அனுப்பிய பிறகு முகம் சுட்டது,
மீன்காரியிடம் பேரம் பேசி
மீனை வாங்கியும்விட்டவன் போல.
சரி, புதன்கிழமை பேசலாமா என்று வந்தது.

எங்கிருந்து பேசுவது?
மன்சூர் அலிக்கு நைட் ஷிப்ட், பகலில் அறை அவனுடையது.
பாத்ரூம் கதவை மூன்றாம் நிமிடம் தட்டுவார்கள்.
மஹ்பூலா கடற்கரையில்
வெயில் நாற்பத்தெட்டு.
யோசித்துப் பார்த்தால்
இந்த நாட்டில் என்னிடம் சாவி இருப்பது
ஒரே ஓர் அறைக்கு:
நாங்கள் தங்கும் கட்டடத்தின் உச்சியில்,
பதினான்காம் மாடிக்கும் மேலே, மெஷின் ரூம்.

மதியம் ஒன்றேகால். அங்கே மூன்றேமுக்கால்.
கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
"பின்னாடி என்ன சத்தம்?"
"மோட்டார் மேடம். யாரோ வீட்டுக்குப் போறாங்க."
அவர் சிரிக்கவில்லை.
மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து
"நீங்க?" என்றார்.
அந்த முதல் முந்நூறு
பெரும்பாலும் மௌனத்துக்கே போனது.

மூன்றாம் புதன் சொன்னேன்:
ஷாஃப்ட் கதவைத் திறந்தால்
கீழே பார்க்கும் நேரம் நீண்டுகொண்டே போகிறது.
முன்பெல்லாம் ஸ்பானர் விழுந்தால் பார்ப்பேன்.
இப்போது எதுவும் விழாமலே.

"சாகணும்னு தோணுதா?"

இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை.
போர்மேன்கூட ஆர் யூ ஓகே என்பார்,
நடந்துகொண்டே.
"சில நாள்."
"பெல்ட் போடுறீங்களா?"
"எப்பவும்."
"கழட்டாதீங்க. கொஞ்ச நாளைக்கு ஷாஃப்ட் வேலை வேண்டாம்னு
யார்கிட்ட சொல்லலாம்?"
புதன் வரைக்கும் காத்திருக்க முடியாத ராத்திரிக்கு
இன்னொரு நம்பரும் தந்தார்.
கிருபாகரனிடம், தலைசுற்றல் என்று சொன்னேன்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தவன்
தன் பேனல் போர்டுகளை எனக்கு விட்டுவிட்டு
என் ஷாஃப்ட்டுகளை எடுத்துக்கொண்டான்.
டீக்குக் காசு அவனே கொடுத்தான்.

தூக்கம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
மூன்று மணிக்கு விழிப்பவன்
இப்போது நாலரைக்கு விழிக்கிறேன்.

பணம் ஊர் வங்கியிலிருந்து போகிறது,
மெசேஜ் பொற்கொடியின் போனுக்கு வருகிறது.
அது எனக்குத் தோன்றவே இல்லை.
ஏழாவது முந்நூறில் அழைத்தாள்.
"யாரு இந்த ஜெபசெல்வி?"
அறையில் எல்லோரும் சோற்றில் கை வைத்திருந்தார்கள்.
"டாக்டர்."
"பல்லுக்கா?"
பதினாலு மாடி
லிப்ட் ஏறும் நேரம் ஆனது எனக்கு.
"இல்ல."
"பின்ன?"
"வச்சிராத. மேல போய்ப் பேசுறேன்."

சாவியை எடுத்தேன்.
லிப்ட் திறந்தே நின்றது, நான் பழுதுபார்த்த லிப்ட்.
உள்ளே போனால் லைன் அறுந்துவிடும்.
படியில் ஏறினேன்.
"ஏன் இப்படி மூச்சு வாங்குது?
என்னாச்சு உங்களுக்கு?"

ஒன்பதாம் மாடி.
யாரோ காயப்போட்ட ஷூ, ஒரு தண்ணீர் கேன்.
அங்கேயே உட்கார்ந்து
ஆரம்பித்தேன்.