முப்பத்தோராம் பக்கம்

சுல்மாவின் முடிதிருத்தகத்தில்
நடிகைகளின் விவாகரத்துகள் தீர்ந்துபோய்விட்டன.
வாரப் பத்திரிகைக்காரன் கடையை விற்றுவிட்டுப் போனான்.
கண்ணாடிக்குக் கீழே அந்த இடத்தில்
இப்போது ஒல்லிப் புத்தகங்கள்,
ஒவ்வொன்றும் ஒரு ரொட்டித் துண்டின் தடிமன்.

"கவிதை," என்றாள், என் தலையில் சாயம் அப்பியபடி.
"மகளோட சிநேகிதிகள் போடுறாங்க.
நாற்பது நிமிஷம் ஆடாம உக்காரணும் நீ,
வேறென்ன செய்யப்போற?"

ரொசாரியோவில் ஜூலை.
ஆற்றுக் காற்று கதவிடுக்கில் சீட்டியடிக்கிறது.
நான் குளிர்பெட்டிக்கு உதிரிபாகம் விற்பவள்.
கவிதை என்றால் எனக்கு,
கொடிமரத்தடியில் நெஞ்சில் கைவைத்து ஒப்பித்தது.
அதில் தாய்நாடு இருந்தாள், தாய் இருந்தாள்,
யாருக்கும் மாதவிலக்கு வந்ததில்லை.

இதில் வந்தது, மூன்றாம் பக்கத்திலேயே.
வேலைக்கான நேர்காணலில் ஒருத்தி
நாற்காலியில் கறை படுமோ என்ற நினைப்பில்
சம்பளம் எவ்வளவென்று கேட்க மறக்கிறாள்.
சிரித்துவிட்டேன். சாயம் காதில் வழிந்தது.
எதற்கென்று சுல்மா கேட்கவில்லை.
அந்த நாற்காலியில் அவளும் இருந்திருக்கிறாள்.

பதினான்கில், மார்பை அறுத்தெடுத்த பிறகு
அம்மா வாங்கிய பட்டுச் சட்டை.
கவிதை அழவில்லை. சட்டையின் விலையைச் சொல்லிற்று.
இருபத்திரண்டில் வெறும் பட்டியல்:
விட்டுப்போன கணவன் எடுத்துப்போகாத சாமான்கள்.
புரியவில்லை.
ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவுகையில், புரிந்தது.

முப்பதாம் பக்கத்தின் அடியில் ஒன்று தொடங்கியது:
அவன் குளிக்க ஒன்பது நிமிடம்.
அவ்வளவுதான். அடுத்த தாள் இல்லை.
வெடுக்கென்று கிழித்ததல்ல;
நகத்தால் மடித்து மடித்து, எச்சில் தொட்டு,
சத்தம் வராமல் பிரித்தெடுத்தது.

தலையை அலசியாயிற்று.
அந்த ஒன்பது நிமிடம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய புத்தகக் கடையில் கேட்டேன்.
கவிஞர் என்று நான் சொன்ன சொல்லை
அவர் திருப்பிச் சொன்னபோது
பெண் என்றொரு வால் முளைத்திருந்தது.
சமையல் நூல்களுக்குப் பக்கத்தில் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன். பூசணிக்காய் இருந்தது.

ஞாயிற்றுச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும்
கம்பளிக் காலுறைகளுக்கும் நடுவே
மொட்டைத் தலையோடு ஒருத்தி மேசை போட்டிருந்தாள்.
எது நல்ல தொகுப்பு என்றேன்.
"இரவல் கொடுத்தா திரும்பி வராதது."
ஆலைத் தையல்காரிகள் ஆறு பேர் எழுதியது ஒன்று எடுத்தேன்.
இன்னொன்று எனக்குப் பிடிக்கவேயில்லை:
உப்புப் போட மறந்த கோபம்.
அடியில் கிடந்தது நான் தேடியது. முழுசாக.

பேருந்தில் நின்றபடியே முப்பத்தொன்று.
தண்ணீர் விழும் ஓசை கேட்கும்வரை
ஒருத்தி கணவனின் கால்சட்டைப் பையைத் துழாவுகிறாள்.
பெரிய நோட்டுகளைத் தொடமாட்டாள், அவன் எண்ணிவைத்திருப்பான்.
கசங்கிய சின்ன நோட்டுகள் மட்டும்,
மெத்தைக்கடியில் வைத்து நீவியெடுத்து.
ஒரு பேருந்துச் சீட்டுக்கு இன்னும் நானூறு குளியல்.
பணம் தேயத் தேய
குளியல் கூடிக்கொண்டே போகிறது.

ஐதே.
வங்கி மேலாளரின் மனைவி ஐதே,
முடிநுனி வெட்டிக்கொள்ள வந்து
இஸ்திரி போட்டதுபோல் சின்ன நோட்டுகளாகவே தருபவள்.
கஞ்சத்தனம் என்று சிரித்திருக்கிறோம்.
நான்தான் அதிகம் சிரித்தவள்.

செவ்வாய் அவள் முறை.
திங்களே போய், கண்ணாடிக்குக் கீழே
என் பிரதியை வைத்தேன்.
சுல்மா பார்த்தாள். துவாலை மடித்தாள்.

புதனன்று தொலைபேசி.
"நீ வச்சதைக் காணோம்."
நல்லது என்றேன்.
"பழசு இருக்கு," என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் உலர்த்தியின் இரைச்சல் மட்டும்.
"அதுல இப்ப முப்பத்தொண்ணு இருக்கு.
ஒட்டுநாடா போட்டு. கோணலா."