மஞ்சள் துவாய்

சின்னக்கடை வீதியில்
துவாய் இருக்குதா என்று நான் கேட்டதும்
கடைக்காரர் பவதாரணியைப் பார்த்தார்.
துண்டுங்க, என்றாள் அவள்.
நாலு துண்டு. ஒரே மஞ்சள். பாண்டிச்சேரிக்கு.

அப்புறம் வெளித்தேர்வாளருக்குக் காய்ச்சல்.
வைவா வெள்ளிக்கு நகர்ந்தது.
ஞாயிறு திருச்சியிலிருந்து என் விமானம்.
திங்கள் ருக்கையாவின் விசா முடிகிறது.
நடுவில் ஒரேயொரு சனி.

விடுதி முழுக்கத் திட்டித் தீர்த்தது.
நானும் திட்டினேன்,
மற்றவர்களைவிடச் சத்தமாக.

புதிய பேருந்து நிலையத்தில்
டெக்கி விரல்விட்டு எண்ணினாள்:
போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு,
நனைய எத்தனை?
"ஏற்காடு ஏற்காடு ஏற்காடு" என்று கத்திய ஆள்
எங்களுக்காக முடிவெடுத்தார்.

பதினோராவது வளைவில் ருக்கையா வாந்தியெடுத்தாள்.
ஸன்ஸிபாரில் படகிலேயே பிறந்தவள்போலப் பேசுகிறவள்.
அலை வேற, இது வேற, என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.
அலை திருப்பிக் கொண்டாந்து விட்டுடும்.
இது திருப்பிக்கிட்டே போகுது.

ஒரு துண்டு அப்படிப் போயிற்று.

ஏரியில் படகு வரிசை டிக்கெட் கூண்டைத் தாண்டி
சோளம் சுடுகிறவர் வரை நீண்டிருந்தது.
வேண்டாம் என்று விட்டுவிட்டு
புல் முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில்
மிச்சம் மூன்றையும் விரித்தோம்.
பீச், என்று அறிவித்தாள் பவதாரணி.
மிளகாய் பஜ்ஜியின் எண்ணெய்த் தாளை
காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
ஒரு நாய் எங்கள் கால்விரல் வரை வந்து,
திரும்பிப் போய்,
மறுபடி வந்தது.

கடல் எப்புடி இருக்கும், சொல்லு கண்ணு,
என்றாள் டெக்கி.
திம்புவிலிருந்து வந்தவளுக்கு
மெஸ் அக்கா கற்றுக்கொடுத்த தமிழ்.

ருக்கையா சொன்னாள்.
காலையில் நீர் வெகுதூரம் இறங்கிப் போகும்.
அவள் அம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போவாள்,
கயிற்றில் கட்டி வளர்க்கிற பாசியைப் பார்க்க.
இரண்டாம் ஆண்டில், கேப்ஸ்யூல் பாடத்தில்,
அந்தப் பாசியின் பெயர் வந்த அன்று
வகுப்பில் எழுந்து நின்றுவிட்டவள் அவள்.
என்னம்மா சந்தேகம், என்று கேட்டார் சார்.
சந்தேகமில்லை, அது எங்கள் வீடு, என்றாள்.

நீ சொல்லு, நிலோ.
கல்முனையில உங்க வீட்டுலருந்து எவ்வளவு தூரம்?

எண்ணூறு மீட்டர்.
நான் இறங்கினதில்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
அம்மா கடல் என்று சொல்ல மாட்டாள்.
அந்தப் பக்கம் என்பாள்.
அந்தப் பக்கம் போகாதே, அந்தப் பக்கம் காற்றடிக்குது,
ஜன்னலைச் சாத்து.
எனக்கு முன்னால் நிலோஜன் என்று ஒருவன் இருந்தான்.
மூன்று வயது.
அது நடந்ததற்கு அடுத்த வருடம் நான்.
அவன் பெயரில் பாதிக்குமேல் எனக்கு வந்துவிட்டது.
கல்லூரிப் பதிவேட்டில் என்னை நளினி என்று எழுதியபோது
திருத்தச் சொல்லாமல் ஒரு மாதம் இருந்தேன்,
லேசாக இருந்தது.

இவ்வளவும் நான் கதைக்கவில்லை.
ரெண்டு மூன்று வாக்கியம்தான்.
பவதாரணி பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்,
யாருக்கும் கொடுக்காமல்.

அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு,
என்றாள் டெக்கி. தொடாதவங்க.

அவள் செருப்பைக் கழற்றினாள். நானும்.
கணுக்கால் வரை சேறு, அதற்கு மேல்
விரலிடை அளவு குளிர்ந்த தண்ணீர்.
யாரும் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.
காவலாளி விசிலடித்தார்:
ஏம்மா, அங்க எறங்கக் கூடாதுன்னு போர்டு இருக்குதுல்ல?
எனக்குத் தமிழ் தெரியாது, என்றாள் டெக்கி
சுத்தமான தமிழில்.

கடைசிப் பேருந்தில் மூவரும் தூங்கிவிட்டார்கள்.
ஒவ்வொரு வளைவிலும் சேலம்
இடது ஜன்னலுக்கும் வலது ஜன்னலுக்கும்
மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

பெட்டி முப்பது கிலோவுக்கு இருநூறு கிராம் கூட.
இரண்டு புத்தகத்தை எடுத்து பவதாரணிக்குக் கொடுத்தேன்.
துவாயை எடுக்கவில்லை. இன்னும் ஈரம்,
சேற்று வாடை.
அம்மா முதலில் அதைத்தான் முகர்ந்து பார்ப்பாள்,
உப்பு இருக்கிறதா என்று.

பார்க்கட்டும்.