திருத்திய வயது

வட்டக்கானல் சோலை. இரவு பதினொன்றேகால்.
சூசைமாணிக்கம் டார்ச்சை உள்ளங்கையால் பொத்துகிறார்.
விரலிடுக்கில் கசியும் சிவப்பு போதும்
பாசியை விலக்கிப் பார்க்க.
ஒன்பது முட்டைகள். ஜவ்வரிசியை விடச் சற்றுப் பெரிது.

சரிவில் நீர் நிற்பதில்லை.
ஆகவே இந்தப் புதர்த்தவளைகள்
தலைப்பிரட்டைப் பருவத்தை விட்டுவிட்டன
என்று எழுதி, அடித்தேன்.
விடவில்லை. முட்டைக்குள் மடித்து வைத்திருக்கின்றன.
வால் உண்டு, நீந்த அல்ல, மூச்சுவிட.
பாசி சுரண்டும் பல்லுக்கு அழைப்பே போகவில்லை.
கால்களுக்கோ முன்கூட்டியே போய்விட்டது.

பந்தியில் பாயசம் முதலில் வந்ததுபோல.
அதே அரிசி, அதே அடுப்பு,
ஆனால் அது வேறு சாப்பாடு.

என் மகள் ஏழு வாரம் முந்தி வந்தாள்.
திண்டுக்கல்லில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
தோல் வழியே நரம்பு தெரிய.
(இந்த முட்டைகளுக்குள்ளும் தெரிகிறது.
நானாகத் தேடிப் போகவில்லை.)
டாக்டர் இரண்டு வயது சொன்னார்:
பிறந்த வயது, திருத்திய வயது.
அங்கன்வாடி அட்டையில் ஒரே கட்டம்தான்.
"பதினாலு மாசமாச்சு, இன்னும் நடக்கலையா?"
பூண்டு உரித்தபடி கேட்கிறாள்
பக்கத்து வீட்டு எஸ்தர் ராணி.

சொல்லலாம்தான்:
மந்திக்குட்டி பிறந்த அன்றே தாய்மயிரைப் பற்றிக்கொள்கிறது,
நமக்குத் தலை நிற்கவே மூன்று மாதம்.
உச்சிக்குழி மூடாமல் துடிக்கிறதே,
அந்தத் தாமதத்தில்தான்
மூளைக்கு இடம் கிடைத்தது.
எலும்பு அவசரப்பட்டிருந்தால்
இந்தக் குறிப்பேட்டில் எழுத ஆள் இல்லை.

சொல்லவில்லை.
தவளைக்கு அது லட்சலட்சம் வருஷத்து வேலை.
என் மகளுக்கு என் ரத்த அழுத்தம்.
இரண்டையும் ஒரே நூலில் கோர்ப்பது தப்பு,
மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
இருந்தும் கை
கோர்த்துக்கொண்டே இருக்கிறது.

இருபத்தாறாம் இரவு.
மூடுபனி டார்ச்சு வெளிச்சத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.
கிழிந்த கூடுகள் எட்டு.
இலைமேல் ஒன்று மட்டும் இன்னும் போகாமல்:
சுண்டுவிரல் நகத்தில் பாதி, ஆனால் முழுத் தவளை,
பின்னால் ஒரு கமா அளவு வால் மிச்சம்.
குதித்தது.
இதற்கு முன் எங்குமே நீந்தாத கால்கள்.

ஒன்பதாவது அப்படியே கிடக்கிறது.
உள்ளே ஏதோ அசைந்தது,
அல்லது என் மூச்சு பட்டது.
"செத்ததுன்னு போட்ரலாமா மேடம்?"
தேதிக்கு எதிரே இருந்த கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
பாசியைப் பழையபடி மூடினார் அவர்,
போர்வை இழுத்துவிடுவது போல, ஓரங்களைத் தட்டி.

ஜீப்பில் ஹீட்டரைப் போட்டார்.
பெருமாள்மலையில், என் வீட்டு வாசலில் நின்ற பிறகு
அது மெல்லச் சூடாகத் தொடங்கியது.
இறங்காமல் கொஞ்ச நேரம்
உட்கார்ந்திருந்தோம்.